மரை அறுந்தால் இரும்பைக் குறை சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பம்ப்செட்டுக்குப் போட்ட புது நட்டு ஒரே போகத்தில் மரை (திருகு வரி) அறுந்துவிட்டது, நம் ஊர் லேத் பட்டறைகள் மட்டமான இரும்பைப் போடுகின்றன என்று சோளிங்கர் பக்கத்து விவசாயி ஒருவர் வாசகர் பகுதியில் வருத்தப்பட்டிருந்தார். பணமும் போய், பயிருக்குத் தண்ணீரும் நின்றால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் அறுந்து வரும் நட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரும்பில் குற்றம் இருக்காது. துளை அளவு மீறியிருக்கும். இல்லையென்றால் மரையின் பக்கம் போல்ட்டோடு முழுசாக உட்காராமல் ஓரத்தில் மட்டும் தொட்டிருக்கும். இரண்டுமே லேத்தில் நேரும் தவறுகள், தவிர்க்கக்கூடியவை. வெட்டுகிறவருக்கும் வெட்டக் கொடுக்கிறவருக்கும் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

போல்ட்டின் வெளிமரையை வெட்டும்போது டூல் (வெட்டும் கருவி) கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நட்டின் உள்மரையில் டூல் துளைக்குள் மறைந்துவிடுகிறது, வெட்டிய உலோகச் சுருள் வெளியே வர வழியில்லை, டூலைப் பிடித்திருக்கும் போரிங் பார் நீண்டு மெலிந்து வளைகிறது. அதனால் வேலையின் பாதி, மரை வெட்டத் தொடங்கும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

துளையைச் சொல்கிறேன். எம்30×2 என்ற மரையை எடுத்துக்கொள்வோம். போல்ட்டின் வெளிவிட்டம் 30 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையே உள்ள தூரம்) 2 மி.மீ. பிட்ச்சை 1.0825-ஆல் பெருக்கி 30-இலிருந்து கழித்தால் 27.835 வரும். அதுதான் நட்டின் உள்விட்டம். நம் நாட்டு மெட்ரிக் மரைகளுக்கான ஐ.எஸ். 4218 தரத்தில், வழக்கமான 6எச் (அனுமதிக்கும் அளவு வித்தியாசத்தின் வகை) பொருத்தத்துக்கு இது 28.21 வரை போகலாம். ஆக, 28 மி.மீ. போரிங் செய்துவிட்டால், அதாவது துளையை உள்ளே கடைந்துவிட்டால், கவலையில்லை. விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழி என்று பட்டறையில் சொல்லும் கணக்கும் இதுதான். தவறு எங்கே நடக்கிறது என்றால், டூல் லேசாக ஓடட்டும், மரை சீக்கிரம் முடியட்டும் என்று 28.5, 28.6 வரை திறந்துவிடுவதில். 28.6-இல் ஒரு பக்கத்து மரையின் உயரம் 1.08 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 0.7 மட்டுமே மிஞ்சுகிறது. போல்ட் அழகாக ஏறும், வாங்கியவரும் திருப்தியாகப் போவார். ஸ்பானர் போட்டு இறுக்கும்போதுதான், மூன்றில் இரண்டு பங்கு மரை முழுப் பாரத்தையும் தாங்குகிறது என்பது வெளியே வரும்.

ட்ரில் போட்ட துளையில் அப்படியே மரை வெட்டுவதும் கூடாது. ட்ரில் நேராகப் போவதில்லை, கொஞ்சம் ஓடும். துளை மையம் தப்பினால் மரை ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மேலோட்டமாகவும் விழும். ட்ரில்லுக்குப் பிறகு போரிங் பாரால் குறைந்தது இரண்டு வெட்டாவது எடுத்து, துளையை லேத்தின் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். துளையின் வாயில் 45 டிகிரி சேம்ஃபர் (ஓரச் சரிவு), 30 மி.மீ.யைத் தாண்டி 30.5 வரை. இது இல்லாவிட்டால் முதல் மரை மெல்லிய தகடு போல நின்று, போல்ட் ஏறும்போது மடங்கி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

போர்வெல் குழாய்களை இணைக்கும் சாக்கெட், கப்ளிங் போன்ற மெல்லிய சுவர் ஜாப்களுக்கு (லேத்தில் பிடித்து வெட்டும் பொருள்களுக்கு) தனியாக ஒரு எச்சரிக்கை தேவை. ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் மூன்று தாடை சக்கில் அழுத்திப் பிடித்தால் வளையம் மூன்று இடத்தில் அமுங்கும். அந்த நிலையில் உருண்டையாகப் போரிங் செய்து மரை வெட்டி, சக்கைத் தளர்த்தினால் வளையம் பழைய வடிவத்துக்குத் திரும்பும். உள்ளே இருக்கும் மரை முக்கோணச் சாயலுக்கு மாறிவிடும். வெர்னியரில் பார்த்தால் அளவு சரியாக இருக்கும், குழாய் மட்டும் ஏறாது. ஏறாததைப் பார்த்து மறுபடியும் ஆழம் கொடுத்து வெட்டுவார்கள். அப்போது மூன்று இடத்தில் மரை தளர்ந்து தண்ணீர் கசியும். இதற்கு ஒரு பக்கம் பிளந்த வளையத்தைச் சுற்றிப் போட்டு அதன்மேல் சக்கை இறுக்க வேண்டும், அல்லது ஜாப்பின் விட்டத்துக்கே கடைந்த மென்தாடைகளைப் பயன்படுத்த வேண்டும். கடைசி இரண்டு வெட்டுக்கு முன் சக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பதும் உதவும், ஆனால் ஜாப் நகராமல் இருக்க வேண்டும்.

போரிங் பார் எவ்வளவு தடிமனாகத் துளைக்குள் நுழையுமோ அவ்வளவு தடிமன் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரே தடிமன் பாரை இரு மடங்கு நீட்டினால் வளைவு எட்டு மடங்கு. ஒரே நீளத்தில் 20 மி.மீ. பாருக்குப் பதில் 12 மி.மீ. பார் போட்டால் வளைவு ஏறக்குறைய 8 மடங்கு. எஃகு பாரை அதன் விட்டத்தின் நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் அதிர்வு தொடங்கிவிடும். மரையின் பக்கச் சுவரில் அலை அலையாக விழும் கோடுகள் அதன் அடையாளம். தடிமன் கூடினாலும், டூலை விலக்கும்போது பாரின் முதுகு எதிர்ச்சுவரில் உரசாத அளவுக்கு இடம் விட வேண்டும். 28 மி.மீ. துளையில் 20 மி.மீ. பாரும், அதிலிருந்து 3 மி.மீ. நீட்டிய டூலும் போட்டால் 5 மி.மீ. இடம் மிஞ்சும், போதுமானது.

டூலின் முனை லேத்தின் மைய உயரத்தில் இருக்க வேண்டும். மெல்லிய பார் வெட்டும்போது கீழே அமுங்கும் என்பதால் ஒரு மயிரிழை மேலே, 0.1 அல்லது 0.2 மி.மீ., வைப்பது நல்லது. மையத்துக்குக் கீழே போய்விட்டால் டூலின் குதிகால் துளைச் சுவரில் உரசும். வெட்டாமல் தேய்க்கும், சூடாகும். எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல் தீட்டும்போது முன்பக்கம் ஒரே சரிவாக விடாமல், முனைக்குக் கீழே இரண்டாவது சரிவு ஒன்றும் கொடுத்தால் சிறிய துளையிலும் குதிகால் தட்டாது. 60 டிகிரி வெட்டுள்ள தகடான சென்டர் கேஜை ஜாப்பின் முகத்தில் சாய்த்து வைத்து டூலை அதில் பொருத்திப் பார்க்க வேண்டும். பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால் இரு பக்கமும் வெளிச்சம் எவ்வளவு கசிகிறது என்று தெரியும். டூல் ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் மரை சாய்ந்து விழும். அப்படிப்பட்ட நட்டு ஏறும், ஆனால் போல்ட்டின் ஒரு பக்க ஓரத்தில் மட்டுமே பாரம் விழும்.

இனி திசை. புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் அதிகம் டூல் உடைப்பது இங்கேதான். வெளிமரையில் வெட்டு முடிந்ததும் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தன் பக்கம் இழுத்து டூலை விலக்குவார்கள். உள்மரையில் தன் பக்கம் இழுத்தால் டூல் சுவருக்குள் ஏறும். எதிர்த்திசையில், மையத்தை நோக்கித் தள்ளித்தான் விலக்க வேண்டும். பழக்கத்தில் கை தவறினால் நொடியில் முனை போய்விடும், ஜாப்பும் பாழ். மெஷின் ஓடத் தொடங்கும் முன் வெறும் காற்றில் நான்கைந்து முறை இந்த அசைவைச் செய்து கையைப் பழக்க வேண்டும். விலக்கும் எல்லையை டயலில் சாக்பீஸால் குறித்துக்கொள்வது இன்னும் நல்லது. கிராஸ் ஸ்லைடின் மேலே கோணம் திருப்பக்கூடிய காம்பவுண்டைச் சாய்த்து வெட்டுகிறவர்கள், வெளிமரைக்கு வலப்புறம் வைக்கும் 29.5 டிகிரியை உள்மரைக்கு இடப்புறம் வைக்க வேண்டும். கைப்பிடியை வெளிப்பக்கம் சுற்றினால் ஆழம் ஏறும். அதனால் திருகின் தளர்வையும் அந்தத் திசையிலேயே எடுத்துவிட்டு டயலைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். சாய்வில் போவதால் 1 மி.மீ. ஆழத்துக்குக் காம்பவுண்டில் சுமார் 1.15 மி.மீ. நகர்த்த வேண்டியிருக்கும்.

இங்குள்ள பழைய லேத்துகள் பலவற்றில் டூலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை. அதில் 2 மி.மீ. பிட்ச் வெட்ட 40-க்கு 127 என்ற கியர் விகிதம் வேண்டும். 127 பல் கியர் இல்லாமல் சரியான மெட்ரிக் மரை அதில் வராது. கியர் மாட்டினாலும் வெட்டி முடியும்வரை, லீட் ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டைத் திறக்கக் கூடாது. டூலை விலக்கி, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டியே, டூலைத் தாங்கிச் செல்லும் கேரேஜைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். திறந்துவிட்டால் அடுத்த வெட்டு பழைய பள்ளத்தில் விழாது. லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. என்றால் 1, 1.5, 2, 3 மி.மீ. பிட்ச்களுக்கு ஹாஃப் நட்டை எங்கே மூடினாலும் சரியாக விழும், 1.75-க்கும் 2.5-க்கும் அந்தச் சலுகை கிடையாது. 1 அங்குல பைப் மரைக்கு அங்குலத்துக்கு 11 மரை, அதாவது 2.309 மி.மீ. அந்தக் கியர் கையில் இல்லையென்று 2.25 போட்டு ஒப்பேற்றினால் ஆறாவது மரையில் 0.35 மி.மீ. விலகியிருக்கும். நாலு சுற்று ஏறி நின்றுவிடும் சாக்கெட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடி மூடிய துளை என்றால், மரை முடியும் இடத்தில் காடி (சுற்றிலும் ஒரு வளையப் பள்ளம்) வெட்டாமல் தொடங்கவே கூடாது. அகலம் பிட்ச்சைப் போல மூன்று மடங்கு, விட்டம் மரையின் வெளிவிட்டத்தைவிட அரை மி.மீ. அதிகம். கணக்கைப் பாருங்கள்: 60 ஆர்.பி.எம். வேகத்தில் 2 மி.மீ. பிட்ச் வெட்டினால் டூல் நொடிக்கு 2 மி.மீ. நகர்கிறது. 6 மி.மீ. காடியில் நிறுத்தி விலக்க உங்களுக்கு 3 நொடி. 120 ஆர்.பி.எம். என்றால் ஒன்றரை நொடிதான். துளையின் ஆழத்தைப் பாரிலேயே கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு ஜாப்பின் முகத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். ஆழமான துளைக்கு வேறு வழியும் உண்டு. டூலைக் கவிழ்த்துப் பிடித்து, காடியிலிருந்து தொடங்கி, சக்கைப் பின்னோக்கிச் சுற்றி வெளியே வருமாறு வெட்டலாம். வலது மரையே விழும், அடியில் முட்டும் பயம் போய்விடும். ஆனால் மரை போட்டுத் திருகிய சக் உள்ள லேத்தில் இதைச் செய்யாதீர்கள். பின்னோக்கி ஓடும்போது சக் கழன்று வரும்.

வேகம் குறைவாகவே இருக்கட்டும். எம்.எஸ்.-இல் (மைல்டு ஸ்டீல்) எச்.எஸ்.எஸ். டூலுக்கு 28 மி.மீ. துளையில் 60, 70 ஆர்.பி.எம். போதும். முதல் வெட்டு தொட்டும் தொடாமலும், பிட்ச் கேஜை வைத்துப் பார்ப்பதற்காக. அடுத்தது 0.2, பிறகு 0.15, 0.1 என்று குறைத்து, கடைசியில் 0.05. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் சுருளை பிரஷ்ஷால் வெளியே எடுக்க வேண்டும். உள்ளே கிடக்கும் ஒரு சுருள் டூலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டினால் மரையின் பக்கத்தைக் கிழித்துவிடும். ஆழம் முடிந்ததும் டயலைத் தொடாமல் அதே அளவில் இரண்டு மூன்று முறை டூலை ஓட்ட வேண்டும். வளைந்த பார் நிமிர்ந்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். வெளிமரைக்கு ஒரு முறை போதும் என்கிற பழக்கத்தில் இதை விட்டுவிடுவதால்தான் பல நட்டுகள் உள்பக்கம் போகப் போக இறுகுகின்றன. எஃகுக்குக் கட்டிங் ஆயில் தாராளமாக விட வேண்டும், வார்ப்பிரும்புக்கு எண்ணெயே வேண்டாம். கன்மெட்டலுக்கு (ஒரு வெண்கல வகை) டூலின் மேல்முகம் மட்டமாக இருக்க வேண்டும். சரிவு கொடுத்தால் உலோகம் டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 0.05-க்கும் குறைவாக வெட்டுக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் மேல்பரப்பு கெட்டிப்பட்டு டூலைத் தின்றுவிடும்.

வெட்டும் நடுவே மின்சாரம் போய்விட்டால் பதற வேண்டாம், ஹாஃப் நட்டையும் தொட வேண்டாம். சக்கைக் கையால் சற்றுப் பின்னோக்கிச் சுற்றி முனையை விடுவித்து, டூலை மையத்தை நோக்கி விலக்கிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். முனை போய்த் தீட்டி மாட்ட நேர்ந்தால், ஹாஃப் நட் மூடிய நிலையில் கேரேஜைக் கொஞ்சம் முன்னே ஓட்டித் தளர்வை எடுத்து நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே காம்பவுண்டையும் கிராஸ் ஸ்லைடையும் நகர்த்தி டூலைப் பழைய பள்ளத்தில் உட்கார வைக்கலாம்.

அடுத்து, நம் பக்கத்தில் ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கையைப் பற்றி. நட்டு டைட்டாக ஏறினால் நல்ல மரை என்கிறார்கள். தவறு. தர அளவுப்படி வெட்டிய போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையே சிறு இடைவெளி வேண்டுமென்றே விடப்படுகிறது. எம்30×2-க்கு நட்டின் பிட்ச் விட்டம் (மரையின் இடைப்பட்ட உயரத்தில் அளப்பது) 28.701 முதல் 28.925 வரை, போல்ட் அதைவிடக் குறைந்தது 0.038 மி.மீ. சிறியதாக இருக்கும். டைட்டாக ஏறும் நட்டில் ஏதோ ஓரிடம் மட்டும் இடிக்கிறது என்று அர்த்தம். அந்த ஓரிடமே பாரம் முழுவதையும் வாங்கி, முதலில் நசுங்கி, பிறகு மொத்தமும் தளர்கிறது. ஸ்டெயின்லெஸ்ஸில் இன்னும் மோசம்: இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கழற்றவே முடியாமல் அறுக்க வேண்டிவரும்.

சோதிக்கும் வழி எளிது. போல்ட்டின் மரையில் மார்க்கிங் புளூ என்ற நீல மையை மெல்லியதாகத் தடவி நட்டுக்குள் கையால் ஏற்றி, லேசாக இறுக்கி, கழற்றிப் பாருங்கள். பாரம் விழும் பக்கத்தில் எல்லா மரைகளிலும் மை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் நன்று. முதல் இரண்டு மரையில் மட்டும் தேய்ந்திருந்தால் பிட்ச் தவறு. நுனியில் மட்டும் தேய்ந்திருந்தால் ஆழம் போதவில்லை. பக்கச் சுவரில் பாதி மட்டும் தேய்ந்திருந்தால் டூல் சாய்ந்திருக்கிறது, அல்லது மரையின் கோணமே வேறு. தோல் பதனிடும் ஆலைகளின் பழைய மெஷின்களில் இது நடக்கும்: 1 அங்குல பி.எஸ்.டபிள்யூ. (பழைய பிரிட்டிஷ் தரம்) மரையும் யு.என்.சி. (அமெரிக்கத் தரம்) மரையும் அங்குலத்துக்கு 8-தான். ஆனால் ஒன்று 55 டிகிரி, மற்றது 60. பிட்ச் ஒத்துப்போவதால் முறுக்கி ஏற்றிவிடலாம், ஆனால் முழுசாக உட்காராது. அடிக்கடி வரும் அளவுகளுக்குப் பட்டறையிலேயே ஒரு பிளக் கேஜ் (நட்டுக்குள் திருகி அளவு பார்க்கும் கட்டை) கடைந்து, கடினப்படுத்தி வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. விலைக்கு வாங்கும் கேஜ் என்றால், 'கோ' முனை கையால் முழுவதும் போக வேண்டும். 'நோ கோ' முனை இரண்டு சுற்றுக்கு மேல் போகக் கூடாது. 'கோ' போகவில்லை என்றவுடன் ஆழம் கூட்டாதீர்கள். மரையின் நுனியில் பிசிறு எழும்பியிருக்கும். 28 மி.மீ. அளவுக்கே போரிங் டூலை ஒரு முறை ஓட்டிப் பிசிறை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஏரி மதகு ஷட்டர்களைத் தூக்கும் சதுர மரை பற்றியும் சொல்லாமல் விட முடியாது. காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரிகள் உள்ள மாவட்டம் நம்முடையது. 40 மி.மீ. கம்பியில் 7 மி.மீ. பிட்ச் என்றால் மரையின் சாய்வு 3.5 டிகிரி. எம்30×2-இல் அது 1.3 டிகிரிதான். அதனால் சாதாரண மரைக்குத் தீட்டுவது போல டூலைத் தீட்டினால், சக் பக்கம் உள்ள அதன் விலா பள்ளத்தின் சுவரில் உரசும். அந்தப் பக்கம் 5 டிகிரிக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். டூலின் அகலம் பிட்ச்சில் பாதியோடு ஒரு 0.05 மி.மீ. கூடுதல். நட்டு கன்மெட்டலாக இருக்கட்டும். தேய்ந்தால் நட்டு தேயட்டும், கம்பி தேயக் கூடாது. 

ஐ.டி.ஐ.-களில் டர்னர் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. அங்கே பயிற்சி தருவோருக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் அடி மூடிய துளையில் ஒரு மரையும், மெல்லிய சாக்கெட்டில் ஒரு மரையும், தன் கைக்கென்று ஒரு பிளக் கேஜும் முடித்த பிறகே வெளியே வரட்டும். ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளிலும் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே கேட்கப்படும் வேலை இதுதான். பட்டறைக்கு வருகிறவர்களும் உள்மரைக்கு வெளிமரையின் கூலியைப் பேசாதீர்கள். மேலே சொன்ன அத்தனையும் நேரம். அவசரப்படுத்தினால் முதலில் விட்டுப்போவது அளவு பார்ப்பதுதான்.

நட்டு வெட்டக் கொடுக்கும்போது அதில் ஏறும் போல்ட்டையோ கம்பியையோ கட்டாயம் கொண்டுவாருங்கள். தேய்ந்த இடத்தைக் காட்டாமல், நட்டு ஓடாத நுனிப்பகுதியைக் காட்டுங்கள், அங்கேதான் அசல் அளவு இருக்கும். கம்பியே முழுக்கத் தேய்ந்திருந்தால் நட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. அறுந்த நட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நெடுக்காக ஹாக்ஸாவால் இரண்டாக அறுத்தால் பள்ளத்தின் அடியில் மிஞ்சிய மரையில் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்கலாம். துளை பெரிதாகி அறுந்ததா, ஒரு பக்கமாகச் சாய்ந்து அறுந்ததா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு டர்னர்,
வாலாஜாபேட்டை.